மானிட்டர் வாங்கும் மகனுக்கு

கொசப்பேட்டை,
வேலூர்.

அன்புள்ள மகனுக்கு,

நலம். விளையாடுவதற்கென்று 27 அங்குல மானிட்டர் வாங்கப் போகிறாயாம்; நேற்று சாதத்தில் ரசம் ஊற்றிக்கொண்டே உன் அம்மா சொன்னாள். முப்பது வருடம் டிவி பழுதுபார்த்தவன் ஒருவன் அதே வீட்டில்தான் இருக்கிறான். நீ என்னிடம் கேட்கவில்லை, கேட்காமலே எழுதுகிறேன்.

முதலில் உன் கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு எதுவென்று பார், திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 27 அங்குலத்தில் 1920-க்கு 1080 புள்ளி உள்ள திரையை எடுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளிதான் விழும், இரண்டடி தள்ளி உட்காருகிறவனுக்கு எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். 2560-க்கு 1440 எடுத்தால் அது 109 ஆகிப் படம் கூர்மையாகிவிடும், ஆனால் கார்டு ஒவ்வொரு முறையும் வரைய வேண்டிய புள்ளிகள் 20 லட்சத்திலிருந்து 36 லட்சத்துக்கு மேல் ஏறிவிடும். கார்டு அதைத் தாங்காவிட்டால், பெட்டியில் 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாறும் என்று அச்சடித்திருப்பதற்காக நீ கொடுத்த பணம் வீண். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் மாற 16.7 மில்லிசெகண்ட், 144-இல் ஏறக்குறைய 7. அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் என்பதை, நொடிக்கு 50 முறை துடித்த பிக்சர் டியூபுகளின் முன் ஆயுள் முழுக்க உட்கார்ந்த நான் மறுக்க மாட்டேன்.

பழைய பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில், மானிட்டர் திரையில் இரண்டு வகையான வி.ஏ. பேனலையும் ஐ.பி.எஸ். பேனலையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டச் சொன்னேன். வி.ஏ.வில் கறுப்பு நல்ல கரிக்கறுப்பு. ஆனால் இருட்டில் ஓடுகிற உருவத்தின் பின்னால் ஒரு நிழல் இழுத்துக்கொண்டே போனது. ஐ.பி.எஸ்.இல் அந்த இழுவை இல்லை, கறுப்புதான் சற்றுச் சாம்பல் பூத்திருந்தது. உன் கை வேகத்துக்கு ஐ.பி.எஸ். போதும். புள்ளி நிறம் மாற ‘1 மில்லிசெகண்ட்’ என்று ஒட்டியிருப்பதை மட்டும் நம்பி எடுக்காதே. அதை எல்லோரும் ஒரே மாதிரி அளப்பதில்லை.

தவணையில் வாங்காதே. முன்பெல்லாம் பகலில் அழைத்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்வாய். இப்போது அம்மா எந்நேரம் அழைத்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாயாம். அவளுக்கு அதில் சந்தோஷம். இரவு மூன்று மணிக்கும் வாட்ஸ்அப்பில் நீ விழித்திருப்பது எனக்குத் தெரிகிறது. ஆகவே தவணை மட்டும் வேண்டாம், கார்டையும் பார்த்துவிட்டு வாங்கு.

நீ ஆறாவது படிக்கும்போது, கடை மேசையில் இருந்த ஆற்காட்டுக்காரர் டிவியில் உன் வீடியோ கேமை மாட்டினாய், அரை மணி நேரத்தில் புகை வந்தது. அவர் எதிரிலேயே உன்னை அடித்து, கேம் போட்டதால்தான் செட் எரிந்தது என்றேன். கேமைக் காயலான் கடையில் போட்டேன். மறுநாள் செட்டைத் திருப்பிப் பார்த்தால், பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் இ.எச்.டி. டிரான்ஸ்பார்மரின் பின்னைச் சுற்றிச் சால்டர் மோதிரம் போல விரிசல் விட்டுக் கருகியிருந்தது. அது அதற்கு முந்தைய வாரம் நான் பற்ற வைத்த இடம். ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்ற வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் முதலாவதாக வந்த வருடமும் நீ கடைக்குள் வராமல் வாசலில் நின்றே மார்க் ஷீட்டைக் காட்டினாய். பெருமையாக இருந்தது, அப்போதும் நான் சொல்லவில்லை.

மானிட்டர் வந்ததும் திரை முழுவதும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வைத்துச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் வைத்திரு. டிஸ்பிளேபோர்ட் கேபிளில் இணைத்து, விண்டோஸ் செட்டிங்கில் போய் 144 என்று நீயே மாற்று. பல சமயம் அது 60-லேயே நின்றுவிடும், வாங்கியவனுக்குத் தெரியாது.

கார்டின் பெயரை எனக்கு எழுது, அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா