வாசலில் நிற்கும் சரோ

பெரம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பா,

நீ போனில் பேசி 22 நாள் ஆகிறது. வேலை அதிகம் என்று மாப்பிள்ளை அப்பாவிடம் சொன்னாராம். இருக்கலாம். நேரத்துக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி.

நீ மறுபடியும் கதை எழுதுகிறாயாமே? உன் சித்தி மகள்தான் சொன்னாள், அவளைத் திட்டாதே. இங்கிலீஷ் தொடர்களில் வரும் டாக்டர் ஹூவும் ஷெர்லக்கும் ஒரே கதையில் சந்திப்பதெல்லாம், ரசிகர்கள் தாங்களே எழுதும் கதைகளில் சாதாரணமாம். நீ எழுதும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற இணையதளத்துக்கு, அறிவியல் புனைகதை உலகில் தரும் ஹியூகோ விருதே 2019இல் கிடைத்ததாம். அப்பாவிடம் இதை மூன்று முறை சொல்லிவிட்டேன். ஆனால் பெற்றவளுக்கு இதை வேறொருத்தி சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எழுத்தைப் பெரிதாக்கி, ராத்திரி ஒரு மணி வரை படித்தேன். 'மெட்டி ஒலி' சரோவிடம் 'கோலங்கள்' அபியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாய். இப்போது சேனல்காரர்களே இரண்டு தொடர்களைச் சேர்த்து மகா சங்கமம் என்று போடுகிறார்கள். இரண்டு வீட்டாரும் கூடி நின்று அழுவார்கள், பிறகு அவரவர் கதைக்குத் திரும்பிவிடுவார்கள். நீ அப்படிச் செய்யவில்லை. மாமியார் வீட்டில் அந்தப் பாடு பட்டவளுக்கு அன்றைக்கு யார் துணை வேண்டுமோ, அவளையே அழைத்து வந்திருக்கிறாய். அபி அபியாகவே பேசுகிறாள். காரை நிறுத்திவிட்டு, பையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறாள். இரண்டு புடவை, ஒரு டிபன் டப்பா என்கிறாள் சரோ. மூடி ஒரு பக்கம் நசுங்கிய டப்பா.

அந்த இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அது யார் வீட்டு டப்பா என்று எனக்குத் தெரியாதா, பாப்பா?

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

2004இல், ஒன்பதாவது படிக்கும்போது, இதே இருவரையும் வைத்து ஒரு நோட்டில் எழுதினாயே, அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டது நான்தான். அரையாண்டில் கணக்கில் 38 வாங்கியிருந்தாய், அந்த ஆத்திரம். நோட்டைக் காணோம் என்று நீ அழுதபோது உன்னோடு பரண் வரை ஏறித் தேடியதும் நான்தான். தராசில் வைக்கும் முன் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். சரோவின் அப்பா சிதம்பரத்தின் வீட்டு வாசலில் அபி அவளை இறக்கிவிட்டிருந்தாள். படித்த பிறகும் போட்டேன். அதற்கப்புறம் நீ எழுதிய ஒரு வரியைக்கூட என்னிடம் காட்டியதில்லை. வேறு எதையும்தான் சொல்வதில்லை. நான் பழக்கியது அப்படி.

இந்தக் கதையிலும் சரோ அதே வாசலில்தான் நிற்கிறாள். மழை வேறு பெய்கிறது. இரண்டு மாதமாக நீ அடுத்த பகுதி எழுதவில்லை. சிதம்பரம் என்ன கேட்பாரோ என்று தயங்குகிறாயா? ஐந்து பெண்களைப் பெற்றவர் அவர். ராத்திரியில் பையோடு வந்து நிற்கும் மகளிடம் ஒன்றும் கேட்க மாட்டார். அவராக நடித்த டெல்லி குமார் குரலில் "வாம்மா" என்பார், அவ்வளவுதான். எழுதிவிடு பாப்பா. அவளை உள்ளே வரச் சொல்.

மாடி அறைக்குப் புது ஃபேன் மாட்டியாகிவிட்டது. சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது.

அம்மா