விடுமுறைப் பக்கத்தில் எங்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தமிழ் ஏடுகளில் சுற்றுலா விளம்பரங்கள் களைகட்டிவிடுகின்றன. பாலி, பேங்காக், காஷ்மீர் என்று பெரிய எழுத்தில் ஊர்ப் பெயர். மூலையில் சின்ன எழுத்தில் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அந்தத் தொகையை ஆறால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும் வாசகிகளில் நானும் ஒருத்தி. காசு கொடுத்து விளம்பரம் போடுகிறவர்களிடம் எனக்கு வழக்கு இல்லை. செய்திப் பக்கத்தில் வரும் "விடுமுறையில் எங்கே போகலாம்" கட்டுரைகளும் அதே தடத்தில் போவதுதான் வருத்தம். நீர் விளையாட்டுப் பூங்கா, கேளிக்கைப் பூங்கா, ஐந்து நட்சத்திர விடுதியின் நீச்சல் குளம் என்று எழுதுகிறார்கள். நுழைவுச் சீட்டின் விலையை எழுதுவதில்லை.

நான் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மூன்று பிள்ளைகள்; எங்களோடு என் மாமியாரும் இருக்கிறார். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகு தவணைகள்தான் கூடியிருக்கின்றன. ஆனாலும் தீபாவளிக்கு ரவிக்கை தைத்த கூலியில் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, இரண்டு நாள் பட்டணம் போய்வருவது எங்கள் வழக்கம். கோலாலம்பூரைவிடப் பினாங்குதான் எங்களுக்குத் தோது.

ரயிலில் போகிறோம். "காடி இருக்கிறதே, எதற்கு ரயில்?" என்று என் தம்பி ஒவ்வொரு தடவையும் கேட்பான். பெட்ரோல், நெடுஞ்சாலைக் கட்டணம், பாலத்துக் கட்டணம் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களில் வண்டியை நிறுத்த இடம் தேடிச் சுற்றும்போது, பின் இருக்கையில் மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சிறுநீர் வருகிறது என்பார்கள். அதற்கு எந்தக் கட்டணமும் ஈடாகாது. ரயிலில் போனால் பயணமே பாதி வேடிக்கை. பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் பெராப்பிட் குன்றுக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கப் பாதை வரும். கமுந்திங்கைக் கடந்தால் புக்கிட் மேரா ஏரியின் மேலேயே ரயில் ஓடும். இரண்டு பக்கமும் தண்ணீர். எந்தப் பக்கம் சன்னல் இருக்கை கிடைத்தாலும் சண்டை வராத இடம் அது ஒன்றுதான்.

விடுமுறை தொடங்கும் முதல் வார இறுதியில் மட்டும் டிக்கெட் தேடாதீர்கள். அப்போது நாடே நகர்கிறது. வாரத்தின் நடுவில் போனால் ரயிலிலும் இடம் இருக்கும், அறை வாடகையும் இறங்கும். லாரிக்காரருக்கு வார நாளில் விடுப்புக் கிடைப்பது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எங்கள் வீட்டில் தேதியைக் கணவர் முடிவு செய்வார். மற்றதெல்லாம் என் பொறுப்பு.

ரயில் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த் வரைதான். அந்த நிலையத்திலிருந்து படகுத் துறைக்கு நடந்தே போய்விடலாம். கார்களைச் சுமந்து போன அந்தப் பழைய பெரிய படகுகள் இப்போது இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து புதிய படகுகள் ஓடுகின்றன. ஆட்களையும் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டும் ஏற்றுகின்றன. பெரியவருக்கு 2 ரிங்கிட். ரொக்கம் வாங்குவதில்லை, ஆகவே டச் என் கோ என்னும் மின்பண அட்டையில் பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் மாமியாரின் தகப்பனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இந்தக் கரையில் இறங்கியவர். படகு துறையை நெருங்கும்போது மாமியார் கடைக்குட்டியின் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டு, "உன் கொள்ளுத் தாத்தா கையில ஒரு டின் பெட்டியோட இங்கதான் இறங்கினாரு" என்பார். "பெட்டிக்குள்ளே என்ன இருந்தது?" என்று அவன் ஒவ்வொரு தடவையும் கேட்பான். ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள் புதிதாக ஏதாவது ஒரு பொருள் சேரும்.

தங்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம் மக்கள் காசை இழப்பது இங்கேதான். குறைந்த வாடகை என்று கடற்கரைப் பக்கம் தள்ளி அறை எடுத்தால், மிச்சம் பிடித்ததெல்லாம் வாடகைக் காரிலேயே போய்விடும். லெபு பாசார், லெபு குவீன் சுற்றுவட்டாரத்தில், அதாவது லிட்டில் இந்தியாவுக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள். அறை சின்னதாக இருக்கலாம், படி ஏற வேண்டியிருக்கலாம். வயதானவர்கள் கூட வந்தால் மின்தூக்கி உண்டா, கீழ்த்தளத்தில் அறை உண்டா என்று முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: இணையத்தில் காட்டும் விலை பெரும்பாலும் இரண்டு பேருக்குத்தான். ஒரு விடுதியில் (பெயர் வேண்டாம்) நாங்கள் மூட்டை முடிச்சோடு போய் நின்ற பிறகு, பிள்ளைக்கு ஒரு கட்டணம், கூடுதல் மெத்தைக்கு ஒரு கட்டணம் என்று கணக்கை நீட்டிக்கொண்டே போனார்கள். வெயிலில் களைத்துப் போன பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் வாதாட முடியும்? அன்றிலிருந்து, ஆறு பேர், அதில் மூன்று சிறுவர், மொத்தம் எவ்வளவு என்று வாட்சப்பில் எழுத்தில் பதில் வாங்காமல் நான் முன்பணம் அனுப்புவதில்லை. பினாங்கில் ஊராட்சிக் கட்டணமாக ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு இரண்டு மூன்று ரிங்கிட் தனியாக வாங்குவார்கள். அது முறையான கட்டணம்தான், அதற்காகக் கோபப்பட வேண்டியதில்லை. சுற்றுலா வரி மட்டும் வெளிநாட்டவருக்கு உரியது. நம்மிடம் கேட்டால் அடையாள அட்டையைக் காட்டுங்கள்.

அறைக்கு ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா என்பது எங்கள் வீட்டில் தீராத விவாதம். பெரும்பாலான விடுதிகளில் அனுமதி இல்லை. மாமியார் அதை ஏற்பதாக இல்லை. சமாதானமாக, முதல் நாள் மதியத்துக்குப் புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் வாழை இலையில் கட்டிக்கொண்டு போகிறோம். பாடாங் கோத்தா லாமாவில் கடலைப் பார்த்தபடி மர நிழலில் பிரித்தால் அது போதும். மறுநாள் காலையில் ரொட்டி சானாய்க் கடையில் பசியாறலாம், மாலையில் ஒட்டுக்கடை மீ கோரேங். பேரங்காடிக்குள் இருக்கும் துரித உணவுக் கடைக்கு நாங்கள் போவதில்லை. அது ஈப்போவிலும் இருக்கிறது.

நகருக்குள் சுற்ற இலவசப் பேருந்து இருக்கிறது. படகுத் துறைக்கும் கொம்தார் என்னும் உயரமான கோபுரக் கட்டடத்துக்கும் இடையே வட்டமடிக்கும் அதை எல்லாரும் கேட் பஸ் என்பார்கள். உண்மையில் நடந்தாலே போதும். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் இன் கோவில், 1818இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் ஒரே நடையில் வந்துவிடும். எதற்கும் நுழைவுச் சீட்டு இல்லை. ஆர்மேனியன் தெருவில் சுவரில் வரைந்த பிள்ளைகளும் நிஜ சைக்கிளும் இருக்கும் இடத்தில் படம் எடுக்க வரிசை நிற்கும். காலை எட்டு மணிக்கு முன்பே போய்விட்டால் வரிசை இல்லை. நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை அறைக்குத் திரும்பி எல்லாரும் படுத்துவிட வேண்டும் என்பது என் சட்டம். அந்த நேரத்தில் பிள்ளைகளை வெயிலில் இழுத்துக்கொண்டு அலைகிற குடும்பங்களைப் பார்த்தாலே தெரியும்: அப்பா ஒரு பக்கம் முறைப்பார், அம்மா ஒரு பக்கம், கையில் யாரும் கேட்காத ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருக்கும்.

நாளுக்கு ஒன்றுதான் பெரிய செலவு. கொடி மலை ரயிலை அதற்கு வைத்திருக்கிறோம். 1923இல் ஓடத் தொடங்கிய தடம். 204ஆம் எண் பேருந்து அடிவாரத்தில் இறக்கிவிடும். பிள்ளைகளின் மைகிட் அட்டையை (சிறுவர் அடையாள அட்டை) மறக்காதீர்கள், உள்நாட்டவர் கட்டணமும் வெளிநாட்டவர் கட்டணமும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மேலே முருகன் கோவிலும் அருகில் பள்ளிவாசலும் இருக்கின்றன, காற்று இலவசம். மற்ற விளையாட்டுக் கூடங்களைப் பார்க்காமல் நேரே நடந்துவிடுவோம்.

பிள்ளைகள் கண்டதையெல்லாம் கேட்பார்களே என்பீர்கள். புறப்படும் அன்றே ஆளுக்கு 15 ரிங்கிட் அவரவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. மிச்சம் வைத்தால் அது அவர்களுடையது. என் இரண்டாவது பையன் சாவிக்கொத்துக் கடைக்குள் போனான், விலையைக் கேட்டான், வெளியே வந்து காசை எண்ணினான், மறுபடி உள்ளே போனான். கடைக்காரப் பெரியவர் அவனுக்காக ஒரு ரிங்கிட் குறைத்தும் பார்த்தார். கடைசியில் எதிர்ப்புறத்தில் வாழைப்பழப் பொரியல் வாங்கித் தின்றுவிட்டு, மீதிக் காசைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டான். என் காசாக இருந்திருந்தால் அந்தக் கடையில் மூன்று சாவிக்கொத்தாவது வாங்கியிருப்பான்.

ஆசிரியர் அவர்களே, விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ரயில் டிக்கெட் எப்போது விற்பனைக்கு வருகிறது, எந்த அருங்காட்சியகம் எந்தக் கிழமையில் மூடியிருக்கும், எங்கே மைகிட் காட்டினால் கட்டணம் குறையும் என்பதைப் போடுங்கள். மிச்சத்தை வாசகர்களாகிய நாங்கள் எழுதி அனுப்புகிறோம். அடுத்து மலாக்கா போகலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். பகாவ், தம்பின் பக்கத்து வாசகிகள் யாராவது, மூட்டுவலிக்கார மாமியாருக்குப் படி ஏறத் தேவையில்லாத, ஆறு பேருக்கு ஒரே விலை சொல்லும் தங்குமிடம் மலாக்காவின் பழைய நகர்ப் பகுதியான பண்டா ஹிலிருக்கு நடக்கும் தூரத்தில் எப்படித் தேடுவது என்று இதே பகுதியில் எழுதினால் நன்றியோடு கத்தரித்து வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தையற்கார வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்