வார்த்தைகளை எண்ணாதே, மல்லிகா

அன்புள்ள மல்லிகா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்தது. முழங்காலுக்கு மூன்று பக்கம், ராஜி வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு பக்கம், மருமகளின் வேலை மாற்றத்துக்கு ஒரு பக்கம். எல்லாம் எழுதி முடித்து, கையெழுத்தும் போட்டுவிட்டு, கீழே மிச்சமிருந்த இடத்தில் பேரனைப் பற்றி ஒரு வரி: "சின்னவனுக்கு ஒன்றே முக்கால் வயசு முடியப்போகுது, இன்னும் பேச்சு வரலை, ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்னு எல்லாரும் சொல்றாங்க."

உன்னை எனக்குத் தெரியாதா? மனசைப் போட்டு அரிப்பதைத்தான் நீ எப்போதும் கடைசியில் ஒரு வரியாகச் சொல்வாய். ஹாஸ்டலிலும் அப்படித்தான். முழங்கால் விஷயமாக அடுத்த கடிதத்தில் சண்டை போடுகிறேன். நடக்கச் சொன்னால் நடக்கணும்டி. இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு வரிக்குத்தான் பதில்.

எங்கள் வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கவிதாவின் பையன் நிலவனுக்கு ஆட்டிசம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வயது முடிந்த கையோடு முழுப் பரிசோதனையும் நடந்தது. போனில் சொல்ல மனசு வரவில்லை. நீ "ஐயோ" என்பாய், எனக்கு அழுகை வரும். ஐயோ என்று சொல்லாதே. அந்த ரிப்போர்ட் வருவதற்கு முன் மின்விசிறியைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்த அதே பிள்ளைதான் இப்போதும் சிரிக்கிறான். அவன் என்ன மாதிரி உலகத்தைப் பார்க்கிறான் என்று எங்களுக்குத்தான் இப்போது கொஞ்சம் புரிகிறது.

கவிதா அவனுடைய முதல் பிறந்தநாள் முடிந்த சில மாதங்களிலேயே சொன்னாள், "கூப்பிட்டால் திரும்ப மாட்டேங்கிறான் அம்மா" என்று. அப்போது பார்த்த டாக்டர், பையனைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, "மூணு வயசு வரைக்கும் பொறுங்க" என்று அனுப்பிவிட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான். பெற்றவள் தன் குழந்தையிடம் ஏதோ வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால், அதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் முதல் பரிசோதனை. நல்லவேளை, கவிதா கேட்கிற ஜாதியில்லை. 18 மாதத்தில் வேறு ஒரு குழந்தை மருத்துவரிடம் போனாள். அந்த டாக்டரம்மா பேச்சைப் பற்றி எதுவும் கேட்காமல் முதலில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்.

அந்தத் தாளைப் பற்றித்தான் உன்னிடம் விரிவாகச் சொல்ல வேண்டும். எம்-சாட் என்று பெயர். 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. 20 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று பெற்றோர் குறிக்க வேண்டும், பத்து நிமிஷ வேலை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எல்லாக் குழந்தைக்கும், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆட்டிசம் ஸ்கிரீனிங், அதாவது முதற்கட்டச் சோதனை, செய்யச் சொல்கிறது. நான் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தேன். குழந்தை எத்தனை வார்த்தை பேசுகிறது என்று ஒரு கேள்விகூட அதில் இல்லை, மல்லிகா! அறையின் அந்தக் கோடியில் எதையாவது நீங்கள் காட்டினால் அங்கே பார்க்கிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, நீங்கள் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கிறதா, புதிதாக ஏதாவது நடந்தால் உங்கள் முகத்தைப் பார்க்கிறதா, உதவி கேட்பதற்காக இல்லாமல் சும்மா "பாரேன்" என்று ஒரு பொருளைக் கொண்டுவந்து காட்டுகிறதா. இப்படித்தான் கேள்விகள்.

நாம் எல்லாரும் வார்த்தையை எண்ணிக்கொண்டிருக்கிறோம். அம்மா சொன்னானா, அப்பா சொன்னானா, தண்ணி கேட்டானா. வார்த்தை கடைசியில் வருவது. அதற்கு வெகு முன்னாலேயே குழந்தை கண்ணாலும் விரலாலும் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். ஒரு குழந்தை இரண்டு விதமாக விரல் நீட்டும். "அது எனக்கு வேணும்" என்று நீட்டுவது ஒன்று. "அங்கே பாரேன், நீயும் பாரேன்" என்று நீட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் அதற்கு எந்த லாபமும் இல்லை. தான் பார்த்ததை நாமும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்குள் இது வந்துவிடும். நிலவனுக்கு இரண்டுமே இல்லை. பிஸ்கட் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், என் கையை ஒரு கருவி மாதிரி டப்பாவின் மேல் வைப்பான். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டான். "எவ்வளவு சமர்த்து பாரு" என்று நாங்கள் எல்லாரும் மெச்சிக்கொண்டிருந்தோம்.

அவனுக்கு அந்தத் தாளில் 9 வந்தது, அதாவது 20-இல் 9 பதில்கள் சந்தேகம் தருகிறவை. 0 முதல் 2 வரை என்றால் இப்போதைக்குக் கவலையில்லை. குழந்தைக்கு இரண்டு வயதாகவில்லை என்றால் ஆன பிறகு மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். 3 முதல் 7 வரை என்றால், சந்தேகம் தருகிற பதில் வந்த கேள்விகளையெல்லாம் எடுத்து வைத்து டாக்டரோ உதவியாளரோ விளக்கமாக விசாரிப்பார். 8-உம் அதற்கு மேலும் என்றால் நேராக முழு மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இங்கேதான் நீ நிதானமாக இருக்க வேண்டும். அந்த எண் தீர்ப்பில்லை. அதை உருவாக்கியவர்களே 16,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. மறு விசாரணைக்குப் பிறகும் சந்தேகம் நீடித்து, முழு மதிப்பீடு செய்யப்பட்ட குழந்தைகளில் ஆட்டிசம் இருந்தது ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான். ஆனால் ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவனிக்க வேண்டிய குறையோ இருந்தது சுமார் 95 சதவீதம் பேருக்கு. அந்த இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியம். பெயர் என்னவாக இருந்தாலும் உதவி தேவைப்படுகிற பிள்ளையை அது கண்டுபிடித்துவிடுகிறது. அதோடு, ஸ்பீச் தெரபி தொடங்க ஆட்டிசம் என்று முத்திரை குத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிலவனுக்கு முழுப் பரிசோதனை முடிவதற்குள் தெரபி தொடங்கியாகிவிட்டது.

உன் சின்னவன் விஷயத்தில் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டு வயதில் பேச்சுத் தாமதமாக இருக்கிற குழந்தைகள் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்கிறார்கள், அவர்களில் பலர் தானாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். சொன்னது புரிகிறது, சைகை காட்டுகிறான், விரல் நீட்டுகிறான், டாட்டா காட்டுகிறான், கண்ணைப் பார்க்கிறான் என்றால் நல்ல அறிகுறிதான். ஆனால் யார் எட்டிப் பிடிப்பார், யார் பிடிக்கமாட்டார் என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. "ஆம்பளைப் பிள்ளை" என்ற சமாதானம் மட்டும் வேண்டாம். ஆண் குழந்தைகள் சராசரியாகக் கொஞ்சம் பின்னால் வருவார்கள் என்பது உண்மை; வித்தியாசம் ஓரிரு மாதம்தான். அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது அநியாயம். 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, 24 மாதத்தில் இரண்டு வார்த்தையைத் தானாகச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் காட்ட வேண்டும். வந்த வார்த்தை நின்றுபோனால், எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும்.

முதலில் காது. இதை நீ தட்டிக்கழிக்கக் கூடாது. "கதவு சத்தம் கேட்டாத் திரும்புறான், டிவி பாட்டுக்கு ஆடுறான், காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்று உன் சம்பந்தி சொல்வார், எனக்கு இப்போதே கேட்கிறது. நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் பெரிய சத்தம் கேட்கும், பேச்சின் மெல்லிய ஒலிகள் மங்கிப்போகும். ஒருநாள் கேட்கும், ஒருநாள் கேட்காது. பிறந்தவுடன் செய்த டெஸ்ட் சரியாக இருந்தது என்பதெல்லாம் போதாது. முறையான செவித்திறன் பரிசோதனை வேண்டும். தூங்கும்போதே எடுக்கிற பெரா டெஸ்ட்கூட இருக்கிறது, குழந்தைக்கு வலியே கிடையாது.

இனி என் ஆத்திரத்தைக் கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன். கவிதாவைக் குறை சொல்லாத வாய் இல்லை. வேலைக்குப் போனதால், போனைக் கொடுத்ததால், வீட்டில் இரண்டு மொழி பேசியதால், தடுப்பூசி போட்டதால். ஒரு காலத்தில் டாக்டர்களே, தாய்க்குப் பாசம் போதாததால் ஆட்டிசம் வருகிறது என்று எழுதினார்கள். 1950, 60-களில் எத்தனை அம்மாக்கள் அந்தப் பழியைச் சுமந்தார்களோ! அந்தக் கொள்கை செத்து இத்தனை வருஷமாகியும் சொந்தபந்தங்களின் வாயில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. தடுப்பூசிக் கதைக்கு மூலமாக இருந்த 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் பத்திரிகையே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டு மொழியால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. போன் விஷயத்தில் மட்டும் நானும் கறாராகத்தான் இருக்கிறேன். போனால் ஆட்டிசம் வந்தது என்பதற்காக இல்லை. திரையின் முன் போகிற நேரமெல்லாம் அவனோடு யாரும் பேசாத நேரம் என்பதற்காக. ஆனால் "போனை நிறுத்திப் பார்ப்போம், சரியாயிடும்" என்று அரை வருஷம் ஓட்டிவிடாதே. நிறுத்து, கூடவே டாக்டரிடமும் போ. குணமாக்கிக் காட்டுகிறேன் என்று ஸ்டெம் செல், ரத்தத்தில் உலோகத்தை எடுக்கிறேன் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடு. உலோகம் எடுக்கும் அந்த மருந்தால் உயிரே போயிருக்கிறது.

தெரபியில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்பாய். எங்களுக்குச் சொன்ன முதல் விஷயம், கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். "இது என்ன, இது என்ன கலர், நாய் எப்படிக் கத்தும்" என்று நாள் முழுக்கப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பதிலாகத் தரையில் அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அவன் என்ன செய்கிறானோ அதையே செய்து, ஒன்றிரண்டு சொல்லில் அதைச் சொல்லி, பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா! சோப்புக் குமிழி ஊதுகிற பாட்டிலை வைத்துத்தான் தொடங்கினோம். ஒருமுறை ஊதுவேன், மூடியை இறுக்கி மூடி அவன் முன்னால் வைப்பேன். வழக்கம்போல என் கையை எடுத்து மூடியில் வைப்பான். நான் அசையாமல், முகத்தில் சிரிப்போடு இருப்பேன். கையை மறுபடி அழுத்துவான். வெகுநாள் அப்படியே போனது. ஒருநாள் அழுத்திவிட்டு, என்ன ஆச்சு என்பதுபோல நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தான். அந்தக் கணமே ஊதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு குமிழிக்கும் பார்த்தான்.

போன வாரம் என்ன நடந்தது தெரியுமா? டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி வந்தது. அவன் ஆள்காட்டி விரலை நீட்டி, பல்லியைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி பல்லியைப் பார்த்தான். பல்லி அவனுக்கு வேண்டியதில்லை. நான் பார்க்க வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. வாயில் ஒரு சத்தமும் இல்லை. கவிதாவைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து, பல்லியையும் என் அழுகையையும் பார்த்து முதலில் பயந்தேபோனாள்.

பேச்சு இன்னும் வரவில்லை. வருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை, நானும் கேட்பதை விட்டுவிட்டேன். படஅட்டை காட்டிக் கேட்கப் பழகுகிறான். "அட்டை பழகினா வாய் திறக்கவே மாட்டான்" என்று ஒருத்தர் சொன்னார். அது தப்பு, பேச்சு வருவதை அட்டை தடுப்பதில்லை. ராத்திரியில் எனக்கிருக்கிற கவலை வேறு. கவிதாவுக்கு இது நாலாவது மாதம். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கவிதா அமைதியாக, "வந்தா என்ன அம்மா, இந்தத் தடவை எங்கே பார்க்கணும்னு தெரியுமே" என்றாள். என் வயிற்றில் பிறந்தவள் என்னைவிடத் தைரியசாலி.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மருமகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லாதே, குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும். மகனும் இருக்கும்போது சொல். ஆட்டிசம் என்ற பெயரை நீயாக எடுக்காதே. நீ பார்த்ததை மட்டும் சொல். கூப்பிட்டால் திரும்புகிறானா, விரல் நீட்டுகிறானா. கேள்வித்தாளை அவர்கள் இருவருமே நிரப்பட்டும். உனக்குத் திரும்புகிறவன் அம்மாவுக்குத் திரும்பாமல் இருக்கலாம், மாறியும் இருக்கலாம். அவன் விளையாடும்போது, சாப்பிடும்போது, கூப்பிடும்போது போனில் சின்னச் சின்ன வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் அறையில் பிள்ளைகள் அழுவதைத் தவிர எதையும் காட்டாது. வீட்டில் எப்படி இருக்கிறான் என்பது அந்த வீடியோவில்தான் தெரியும்.

காது டெஸ்டுக்கு நாள் கிடைத்ததும் போன் பண்ணு. ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பேன். கேள்வித்தாளில் எந்தக் கேள்வியாவது புரியவில்லை என்றால் மருமகளையே என்னிடம் பேசச் சொல். கவிதாவும் பேசத் தயாராக இருக்கிறாள்.

அன்புடன்,
சாந்தா