ஓவியங்கள் இனி செய்திமடலில்: உறுப்பினர்களுக்கு அறிவிப்பு

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இம்மாத இறுதியோடு இன்ஸ்டாகிராமில் கோட்டோவியங்கள் இடுவதை நிறுத்திக்கொண்டு, அவற்றைச் சப்ஸ்டாக் வழியே மின்னஞ்சல் செய்திமடலாக அனுப்ப இருக்கிறேன். இன்ஸ்டாகிராம் 2016இல் நேர வரிசையைக் கைவிட்டு அல்காரிதத்துக்கு மாறியதிலிருந்து, பின்தொடர்பவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், ஒரு படம் யார் கண்ணில் படும் என்பது வரைந்தவர் கையில் இல்லை. ரீல்ஸ் வந்த பிறகோ, அசையாத படத்துக்கும் பாட்டுப் போட்டாக வேண்டியிருக்கிறது. எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.

செய்திமடலில் என்னைக் கவர்ந்தது வாசகர் பட்டியல்தான். முகவரிகள் அடங்கிய சிஎஸ்வி கோப்பை எப்போது வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொண்டு, கோஸ்ட் போன்ற வேறு தளத்துக்கு வாசகர்களோடு இடம்பெயரலாம்.

கட்டணச் சந்தா வைத்தால் சப்ஸ்டாக் 10 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். அங்கே சந்தாப் பணத்தை வசூலித்துத் தரும் ஸ்டிரைப் நிறுவனத்தின் கட்டணம் தனி. இந்தியாவில் ஸ்டிரைப் 2024 முதல் அழைப்பின் பேரில் மட்டுமே புதிய கணக்குகளை ஏற்பதால், சந்தா வருமானத்தை நம்பி இங்கிருந்து யாரும் அவசரப்பட்டு இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. என் மடல் இலவசமாகவே வரும். அச்சுப் படிகளுக்கான தொகையை வழக்கம்போல் யுபிஐயில் பெற்றுக்கொள்கிறேன்.

புதியவர்கள் தாமாக வந்து சேர்வது மின்னஞ்சலில் குறைவு என்பதால், பழைய பக்கத்தை அழிக்காமல் அதன் முகப்பில் சுட்டியை மட்டும் வைத்திருப்பேன். மடல் பெற விரும்புவோர் முகவரியைக் குழுவில் இடாமல் எனக்குத் தனியே அனுப்புங்கள். முதல் மடல் ஜிமெயிலின் ‘புரமோஷன்ஸ்’ பகுதிக்குள் போய் விழக்கூடும். அங்கிருந்தால் ‘பிரைமரி’க்கு மாற்றிவிடுங்கள்.