ஏலத்தில் எடுத்த ஹெராக்ளீஸ் வெள்ளி நாணயம் வார்ப்புப் போலி: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு,
பழங்கால நாணய ஏல நிறுவனம்.

பொருள்: அலெக்சாந்தர் காலத்து டெட்ராடிராக்ம் (நான்கு டிராக்ம் மதிப்புள்ள கிரேக்க வெள்ளிக் காசு) என்று விற்கப்பட்ட போலி நாணயம் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் சென்ற ஏலத்தில் ‘மகா அலெக்சாந்தர், வெள்ளி டெட்ராடிராக்ம், அம்ஃபிபோலிஸ் நாணயச்சாலை, வாழ்நாள் வெளியீடு’ என்ற குறிப்போடு, அதாவது அலெக்சாந்தர் உயிரோடு இருந்தபோதே மாசிதோனிய நகரமான அம்ஃபிபோலிஸில் அடித்தது என்று வந்த நாணயத்தை நான் எடுத்தேன். முன்பக்கம் சிங்கத்தோலைத் தலையில் போர்த்திய, கிரேக்கப் புராண வீரனான இளம் ஹெராக்ளீஸ். பின்பக்கம் அரியணையில் கிரேக்கக் கடவுள்களின் தலைவன் சீயஸ், கையில் கழுகு, எதிரே கப்பலின் முன்முனை. என் கைக்கு வந்த காசு பழங்காலத்தில் அடித்தது அல்ல. உருக்கி ஊற்றி வார்த்த போலி. இதை மின்னஞ்சலில் ஏற்கெனவே தெரிவித்தேன். வந்த பதில்கள் எதுவும் நான் கேட்டதைத் தொடவே இல்லை. அதனால்தான் முழு விவரத்தோடு இந்தக் கடிதம்.

முதலில் எடை. பட்டியலில் 17.1 கிராம் என்று போட்டிருக்கிறீர்கள். வந்த காசு 15.9 கிராம்தான். வேறு வேறு தராசுகளில் வைத்துப் பார்த்தும் எண் மாறவில்லை. ஏதென்ஸ் நகரத்தின் அத்திக் எடைமுறையில் அலெக்சாந்தர் அடித்த டெட்ராடிராக்ம் ஏறக்குறைய 17.2 கிராம் இருக்கும். நன்றாகப் புழங்கியவை 17-க்குக் கீழே இறங்கும், சரி. ஆனால் தேய்ந்த காசு என்றால் மேடான இடங்களில்தான் முதலில் தெரியும். இதிலோ ஹெராக்ளீஸின் கன்னம், நெற்றிக்கு மேல் இருக்கும் சிங்கத்தின் புருவம், சீயஸின் மார்பு எல்லாம் மழுங்காமல் அப்படியே நிற்கின்றன. அப்படியானால் ஒரு கிராமுக்கு மேல் வெள்ளி எங்கே போனது? ‘இரண்டாயிரம் ஆண்டுகளில் எடை குறைவது இயல்பு’ என்று உங்கள் பிரிவிலிருந்து எழுதினார்கள். பட்டியலில் 17.1 என்று ஏறிய பிறகு குறைந்திருக்கும் எடைக்கு அது பதில் ஆகாது. அந்த 17.1 எந்தக் காசை நிறுத்து எழுதியது என்பதை எனக்குத் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம் உலோகம். காசைச் சும்மா ஒரு முறையும், நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு ஒரு முறையும் நிறுத்துப் பார்த்தால் அடர்த்தி தெரிந்துவிடும். கன சென்டிமீட்டருக்கு 9.6 கிராமை ஒட்டி வந்தது. தூய வெள்ளிக்கு 10.49. அலெக்சாந்தரின் வெள்ளி பெரிய கலப்பில்லாதது. பழைய வெள்ளி உள்ளுக்குள் படிகமாகும்போது இந்த எண் கொஞ்சம் குறையலாம், இவ்வளவு குறையாது. செம்பு நிறையக் கலந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஊற்றும்போது உள்ளே காற்று அடைபட்டிருக்க வேண்டும்.

லென்ஸை வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. சம்மட்டி அடியில் பிறந்த நாணயத்தில் வெள்ளி வெளிப்பக்கமாகப் பாய்ந்த மெல்லிய கோடுகள் இருக்கும். எழுத்து தரையிலிருந்து வெட்டென்று எழும்பும். இதில் ‘அலெக்சாந்த்ரூ’ என்ற பொறிப்பின் ஒவ்வொரு எழுத்தும் அடியில் வழுக்கிக்கொண்டு தரையோடு கலக்கிறது. சிங்கப் பிடரியின் மயிர்க்கற்றைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய பள்ளங்கள் பாதி நிரம்பிக் கிடக்கின்றன. ஹெராக்ளீஸின் மூக்குக்கு முன்னால் வெற்றிடத்தில் ஊசிமுனை அளவுக்கு உருண்டையான குழிகள். அவை துரு அரித்த குழிகள் அல்ல. அரிப்பு இப்படி ஒரே அளவில் உருண்டையாக வராது, காற்றுக்குமிழ்தான் வரும். ஓரத்தைச் சுற்றிலும் ஒரே திசையில் அரம் போட்ட தடம் இருக்கிறது. வார்ப்பின் இரண்டு பாதிகளும் சேர்ந்த தழும்பை யாரோ ராவி எடுத்திருக்கிறார்கள். உங்கள் ஏலப் படத்தில் இரண்டு முகங்கள் மட்டும்தான், ஓரத்தின் படமே இல்லை.

இவ்வளவும் இருந்தும் உங்கள் நிபுணர் ‘அசல்’ என்கிறார். அப்படியானால் இதற்கு அவர் விளக்கம் சொல்லட்டும். உங்கள் இணையதளத்தில் பழைய ஏலங்களின் படத் தொகுப்பில் இதே வகை நாணயம் இன்னொன்று இருக்கிறது. அதிலும் ஹெராக்ளீஸின் கன்னத்தில், வாய்க்கோடிக்குச் சற்று மேலே, பிறைவடிவில் ஒரு நசுங்கல். என் காசிலும் அதே இடத்தில் அதே நசுங்கல். கழுகுக்கு மேலே ஓரத்தில் உள்ள விரிசலும் இரண்டிலும் ஒன்றே. காசின் வெளிவட்டம்கூட ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் பொருந்துகிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

‘ஒரே அச்சில் அடித்தவை, அதனால் ஒன்றுபோல இருக்கின்றன’ என்பது உங்கள் பதில். நாணயங்களை விற்றே பிழைக்கும் ஒரு நிறுவனம் இப்படி எழுதியது எனக்கு மிகுந்த வருத்தம். கீழ் அச்சு பட்டடையில் பதிந்திருக்கும், அதன் மேல் சூடான வெள்ளி வில்லையை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். அச்சு ஒன்றாக இருந்தால் முகமும் எழுத்தும் ஒன்றாக இருக்கும். வில்லை ஒவ்வொன்றும் தனி. ஒன்று நீளவாக்கில் விரியும், ஒன்று ஓரத்தில் பிளக்கும், ஒன்றில் உருவம் ஒரு பக்கமாகத் தள்ளி விழும். கன்னத்து நசுங்கலோ காசு புழக்கத்துக்கு வந்த பிறகு எதன் மேலோ மோதியதால் வந்தது. அடித்து முடித்த பிறகு பட்ட அடி இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் படாது. ஆக, இந்த இரண்டில் அதிகபட்சம் ஒன்றுதான் அசலாக இருக்க முடியும். இரண்டுமே போலியாகவும் இருக்கலாம். எடையையும் அடர்த்தியையும் பார்த்தால் என்னிடம் இருப்பது அசல் இல்லை என்பது உறுதி.

இதை விட்டுவிட முடியாததற்குக் காரணம் உண்டு. நான் சேகரிப்பது ஹெராக்ளீஸ் உருவம் உள்ள பழங்காசுகளை மட்டும்தான். தென் இத்தாலியின் கிரேக்க நகரமான குரோட்டோன் குழந்தை ஹெராக்ளீஸ் பாம்புகளை நெரிப்பதைக் காட்டியது. அதே பகுதியின் ஹெராக்லேயா நகரம் சிங்கத்தோடு மல்லுக்கட்டும் வீரனைக் காட்டியது. கிரேக்கத் தீவான தாசோஸ் ‘இரட்சகர் ஹெராக்ளீஸ்’ என்றே பொறித்தது. இன்றைய ஆப்கானிஸ்தான் பகுதியில் இருந்த பாக்திரியாவின் கிரேக்க அரசன் தெமெத்ரியோஸ் தன் காசில் தனக்குத்தானே முடிசூடும் ஹெராக்ளீஸை நிறுத்தினான். ரோமப் பேரரசன் கொம்மோதுஸ் தானே சிங்கத்தோலைப் போர்த்திக்கொண்டான். ஆனால் அலெக்சாந்தர் பிறந்த மாசிதோனிய அரச குடும்பம் தன் வம்சத்தையே ஹெராக்ளீஸிலிருந்து தொடங்கியது. அலெக்சாந்தருக்கு முன்பிருந்த அரசர்களே இந்தத் தலையைக் காசில் போட்டார்கள். அலெக்சாந்தர் கி.மு. 323-ல் இறந்த பிறகும் அதே தலை, அதே பெயரோடு, பல நகரங்களில் நெடுங்காலம் அடிக்கப்பட்டது. என் சேகரிப்பில் நடுநாயகமாக வைக்க நினைத்தது இந்த நாணயத்தைத்தான்.

உங்கள் பட்டியலில் இதற்கு ‘அலெக்சாந்தரின் முகம்’ என்று தலைப்புப் போட்டிருப்பதும் சரியில்லை. அது ஹெராக்ளீஸ். அலெக்சாந்தரின் முகம் வேண்டுமென்றால் அவருடைய தளபதியாக இருந்து பின்னர் அரசனான லிசிமாக்கோஸ் வெளியிட்ட, அம்மோன் கடவுளின் ஆட்டுக்கடாக் கொம்பு வைத்த காசைப் பார்க்க வேண்டும். பெயரால் விலை ஏறும் என்பதற்காக வீரனின் முகத்தை அரசனின் முகமாக்கி விற்கக் கூடாது.

‘திருப்பித் தரும் காலம் முடிந்துவிட்டது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கெடு காசு பிடிக்கவில்லை என்று திருப்புபவர்களுக்கு. உண்மைத்தன்மைக்கு உத்தரவாதம் காலவரம்பின்றி உண்டு என்று உங்கள் ஏல விதிமுறைகளிலேயே இருக்கிறது, அந்தப் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். காசோடு வந்த சான்றிதழ் உங்கள் நிறுவனமே கையெழுத்திட்டது. விற்றவரே தரும் சான்று இந்த விவகாரத்தைத் தீர்க்காது. ‘பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து’ என்ற ஒற்றை வரிக்கும் இதுவரை ஒரு காகிதம் காட்டவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். ஏல விலை, உங்கள் தரகு, அனுப்புச் செலவு மூன்றையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். வேறு காசு தருகிறோம், அடுத்த ஏலத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்ற யோசனை வேண்டாம். உங்களுக்கு இன்னும் ஐயம் இருந்தால், உங்களோடு வியாபாரத் தொடர்பு இல்லாத ஒரு நாணய ஆய்வாளரிடம் உங்கள் செலவில் அனுப்ப எனக்குச் சம்மதம். யாரிடம் என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.

அந்த இன்னொரு நாணயத்தை வாங்கியவருக்கும் நீங்களே தகவல் சொல்ல வேண்டும். அவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு படங்களின் மேலும் ‘போலி’ என்று குறிப்பிட்டு இணையதளத்திலேயே வைத்திருங்கள், அழித்துவிடாதீர்கள். ஏலப் படத் தொகுப்புகளை வைத்துத்தான் சேகரிப்பவர்களும் ஆய்வாளர்களும் எந்தக் காசு எந்த அச்சில் அடித்தது என்று ஒப்பிடுகிறார்கள். அங்கே போலி அசல் என்று உட்கார்ந்திருந்தால் அந்த வேலையெல்லாம் கெடும். குறிப்போடு இருந்தால் இதே வார்ப்பிலிருந்து வரும் மூன்றாவது காசை அடுத்தவர் பார்த்ததும் கண்டுகொள்வார்.

பதிலை எழுத்தில், பொறுப்பானவர் கையெழுத்தோடு அனுப்புங்கள். அதுவரை காசு வந்த உறையோடு என்னிடம் பத்திரமாக இருக்கும். பணம் வந்து சேர்ந்த மறுநாளே காப்பீட்டோடு திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஏல வாடிக்கையாளர்

இணைப்பு: தராசில் வைத்த படம், ஓரத்தின் படங்கள், இரண்டு நாணயங்களின் ஒப்பீட்டுப் படம், ஏல விதிமுறைப் பக்கம், ரசீது நகல்.