பொதுமகன் கையில் இராணுவச் செயலி

ஆசிரியர் அவர்களுக்கு,

இராணுவங்கள் ஸ்மார்ட்போனுக்கு மாறிவருவது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைக் கடையில் வைத்தே வாசித்து முடித்தேன். யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை. கட்டுரையாளர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அத்தனை பத்தியும் சிப்பாயின் கையில் இருக்கும் போனைப் பற்றியே. பொதுமகனின் போனை இராணுவம் தன் கருவியாக்கத் தொடங்கியதுதான் எனக்குப் பெரிய செய்தி. அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

சிப்பாயின் போன் பற்றியும் ஒரு விளக்கம் சொல்லவேண்டும். அமெரிக்கச் சிப்பாய் நெஞ்சில் மாட்டியிருக்கும் போன் நாங்கள் பாவிக்கிற மாதிரி வேலை செய்வதில்லை. ‘நெற் வோரியர்’ திட்டத்தில் அவர்கள் எடுத்தது கடையில் விற்கிற சம்சுங் போன்தான். ஆனால் சிம் வழியாகக் கதைக்கும் வசதியை நிறுத்திவிட்டு, ஒரு வயர் போட்டு அதை இராணுவ றேடியோவோடு இணைத்துவிடுவார்கள். தகவல் போவதும் வருவதும் றேடியோவில். போன் வெறும் திரை. அதில் வரைபடம் ஓடும், தன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும், எதிரி நிற்கும் இடத்தை விரலால் தொட்டுக் குறிக்கலாம். 2020 இல் சம்சுங் வெளியிட்ட கலக்ஸி எஸ் 20 இன் இராணுவப் பதிப்பில் எல்லா அலைபரப்பையும் ஒரேயடியாக நிறுத்திவிடும் வசதியும் இருந்தது. தனியாக ஒரு கருவி செய்து முடிக்க ஆண்டுக்கணக்காகும், அதற்குள் கடையில் அதைவிட நல்ல போன் வந்துவிடும். படையில் சேருகிற பெடியனுக்கும் புதிதாகப் பழக்கத் தேவையில்லை. அவ்வளவுதான் கணக்கு.

சிப்பாயின் சொந்தப் போன் அவனையே காட்டிக்கொடுத்த கதைகள் ஊரறிந்தவை. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சிச் செயலியின் வரைபடத்தில் சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த இராணுவ முகாம்கள் வெளிச்சக் கோடுகளாகத் தெரிந்தன. 2023 புத்தாண்டன்று, உக்ரேனில் ரஷ்யா பிடித்து வைத்திருந்த மக்கீவ்கா நகரில் தங்கியிருந்த ரஷ்யப் படையினர் தடையை மீறிப் போன் பாவித்ததால்தான் இடம் தெரிந்து தாக்கப்பட்டார்கள் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சே சொன்னது. அது ஒப்புக்கொண்ட சாவு மட்டும் 89. சரி, அது படையினரின் பாடு. அவர்களுக்குக் கட்டளை போட ஆள் இருக்கிறது.

பொதுமக்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஒக்டோபரில் உக்ரேனில் ‘இபிபிஓ’ என்றொரு செயலி வந்தது. வானத்தில் ட்ரோனோ ஏவுகணையோ போவதைக் கண்டவர் போனை எடுத்து, என்ன வகை என்று தெரிவுசெய்து, அது போகிற பக்கம் போனை நீட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும். போனில் இருக்கிற ஜிபிஎஸ்ஸும் திசைகாட்டியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வான் பாதுகாப்புப் பிரிவின் வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். தாழப் பறந்து ராடாருக்குத் தப்புவதைக் கண்ணால் கண்டவர் சொல்லிவிடுகிறார். இதைப் பாவிக்க அரசின் ‘தியா’ என்ற அடையாளச் செயலி வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். ஆகவே பொத்தானை அழுத்தியவர் யார் என்பதும் பதிவாகிறது. ரஷ்யப் படை நிற்கும் இடத்தை அறிவிக்க டெலிகிராமில் வேறொரு வழியும் வைத்திருந்தார்கள்.

தன் ஊரில் குண்டு விழாமல் தடுக்க நினைப்பவரை நான் குறை சொல்ல வரவில்லை. பொம்பர் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய தலைமுறை நான், அந்தப் பயம் எனக்கு விளங்கும். ஆனால் ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977 இல் சேர்த்த முதலாவது மேலதிக நெறிமுறை, போரில் நேரடியாகப் பங்கெடுக்காத வரைக்கும்தான் பொதுமகனுக்குப் பாதுகாப்புத் தருகிறது. பொத்தானை அழுத்துவது நேரடிப் பங்கா, இல்லையா? சட்டம் படித்தவர்களே இதில் ஒருமனப்படவில்லை. துவக்கோடு எதிரே நிற்பவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து முடிவெடுக்கப் போவதும் இல்லை. அதே 2022 இல், ரஷ்யா பிடித்த பகுதிகளிலிருந்து வெளியேறிய மக்களை ‘வடிகட்டல்’ என்ற பெயரில் மறித்துக் கைரேகை எடுத்தார்கள். போனை வாங்கித் தொடர்பு எண்களையும் செய்திகளையும் கிண்டினார்கள்.

இதைப் படிக்கிற யாழ்ப்பாணத்தவனுக்குத் தலையாட்டி நினைவுக்கு வராமல் இருக்குமா? சுற்றிவளைப்பில் முகத்தை மூடிக்கொண்டு இருந்தவர் தலையை ஒருமுறை அசைத்தால் உங்கள் கதை முடிந்தது. மறுபக்கத்தில், இயக்கங்களின் கையில், ‘தகவல் குடுத்தவர்’ என்ற ஒரு சொல்லுக்காக மின்கம்பத்தில் கட்டப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் யார் உண்மையில் தகவல் கொடுத்தார், யார் அநியாயமாகச் செத்தார் என்று கேட்டால் இன்றைக்கும் ஊரில் ஆளுக்கொரு கதை. போர் நடந்தபோது அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் பற்றரியைக்கூட ஒளித்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. சைக்கிள் பெடலை மிதித்து டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். பற்றரிக்கே அந்தப் பாடு என்றால், பொத்தானை அழுத்திய நாளும் நேரமும் இடமும் அடையாள எண்ணும் சேர்ந்து கிடக்கிற போனோடு ஒருவர் சோதனைச் சாவடியில் நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

“அப்பை அழிச்சிட்டா சரிதானே அண்ணை” என்று கடைக்கு வருகிற பெடியள் கேட்பார்கள். போனில் இருந்து போகும், சேவரில் இருக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். கூகுள் மப்ஸில் ரைம்லைனைத் திறந்து, போன மாதம் சுன்னாகத்தில் எத்தனை மணிக்கு நின்றார், அங்கிருந்து எந்தப் பாதையால் வீட்டுக்கு வந்தார் என்று காட்டினால்தான் முகம் மாறும். சிலருக்கு மனைவி பக்கத்தில் நின்றால் இன்னும் வேகமாக மாறும். அந்த லொக்கேஷனை எப்போது ஓன் பண்ணினோம் என்றே பலருக்குத் தெரியாது.

இங்கே இப்போது போர் இல்லையே என்று கேட்கலாம். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாங்கள் அடையாள அட்டை எண், வாகன எண், சசி இலக்கம் (வாகனச் சட்டகத்தில் பொறித்திருக்கிற எண்) எல்லாவற்றையும் கொடுத்துப் பெற்றோல் பங்கீட்டுக்கான கியூஆர் எடுத்தோம். விவரம் எங்கே போகிறது என்று நானும் கேட்கவில்லை, வரிசையில் வேறு யாரும் கேட்டதாகக் காணவில்லை. பெற்றோல் கிடைத்தால் போதும் என்ற நிலை. அவசரம் என்று வந்தால் எவரும் எதையும் கொடுப்பார்கள், அதில் பிழையும் இல்லை.

அடுத்த அவசரம் பெரும்பாலும் வெள்ளம். அமெரிக்க விமானப்படை ஆய்வுகூடம் உருவாக்கிய ‘அட்டாக்’ என்ற போர்க்கள வரைபடச் செயலிக்குப் பொதுமக்கள் பதிப்பும் உண்டு, 2020 முதல் யாரும் அதை இறக்கிக்கொள்ளலாம். அங்கே மீட்புப் பணிக்கும் பாவிக்கிறார்கள். அப்படி ஒன்று எங்கள் அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் இருந்தால், அவர்களின் அவசர இலக்கமான 117 க்கு அடித்து லைன் கிடைக்காமல் நிற்கிறவருக்குப் பெரிய உதவி. வந்தால் நான் முதல் ஆளாக இறக்குவேன். ஆனால் அந்த நிலையத்தின் பணிப்பாளர் நாயகமாக இருந்தவர்களில் பலர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல்கள். வெள்ளத்தில் படகோடு வருவதும் படையினர்தான். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், ஆனால் எந்த வீட்டில் எத்தனை பேர் என்ற விவரம் தண்ணீர் வடிந்த பிறகும் அவர்களிடம் இருக்கத் தேவையில்லை. 2022 இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தேசிய பாதுகாப்பைக் காட்டி விலக்குப் பெற வழி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, அப்படி ஒரு செயலியை மாவட்டச் செயலகத்தில் அறிமுகப்படுத்துகிற நாளில் உங்கள் நிருபரை அனுப்பி, லொக்கேஷன் விவரம் எந்தச் சேவரில் எத்தனை நாளைக்கு இருக்கும், இராணுவ முகாமில் இருந்து யாராவது அதைப் பார்க்கலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலை முதல் பக்கத்தில் போடுங்கள். திறப்பு விழாப் படத்தை உள்ளே எங்கேயாவது போடலாம்.

இப்படிக்கு,
போன் கடைக்காரர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.