ஒரே சதவீதம், ஒரே நியாயம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

எல்லாருக்கும் ஒரே சதவீதத்தில் சம்பள உயர்வு கொடுத்துவிட்டால் நியாயம் செய்துவிட்டதாகப் பல நிர்வாகங்கள் நம்புகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே வேலைக்குப் பழையவர் 20,000, புதிதாகச் சேர்ந்தவர் 25,000 வாங்குகிறார்கள். இருவருக்கும் 10 சதவீதம் உயர்த்தினால் 5,000 இடைவெளி 5,500 ஆகிவிடும். அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் போனஸ், கூடுதல் நேர ஊதியம் எல்லாவற்றிலும் பழையவருக்கே நட்டம்.

ஆள் எடுக்கும்போது சந்தை நிலவரத்தைப் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கோ போன வருடச் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒவ்வொரு பதவிக்கும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் அதிகபட்சச் சம்பளத்துக்கும் நடுவிலுள்ள தொகையை எடுத்து, ஊழியரின் சம்பளத்தை அதால் வகுக்க வேண்டும். நன்றாக வேலை செய்யும் அனுபவசாலிக்கு விடை 0.80க்குக் கீழே வந்தால் உடனே சரிசெய்தாக வேண்டும். அதற்கு ஆகும் தொகையை வருடாந்தர உயர்விலிருந்து பிடுங்கக் கூடாது. மற்றவர் பங்கு குறைந்து மனக்கசப்புதான் மிஞ்சும். தனி ஒதுக்கீடு தேவை. புதியவருக்கு நியமனக் கடிதம் அடிக்கும் முன்பே இப்படிச் சரிசெய்ய வேண்டியவர்களின் பட்டியல் மேசையில் இருக்கட்டும். ராஜினாமா கடிதம் வந்த பிறகு உயர்த்துவது, வாய் திறந்து கேட்காதவருக்குச் செய்யும் அநீதி.

இப்படிக்கு,
ஒரு மனிதவள அலுவலர்